பொங்கிய பாலும் அழுத பிள்ளையும்

மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன மண்டபம். ஏழு நாள் பாகவத உபன்யாசத்தில் அன்று ஐந்தாம் நாள். தாமோதர லீலையைச் சொல்லி முடித்து, மங்கள ஆரத்தியும் ஆகி, சுண்டல் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைகிற நேரத்தில், இளம் தாய் ஒருத்தி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பையன். கொழுகொழு கன்னமும் நெற்றியில் சந்தனப் பொட்டுமாக, தவழ்ந்த கிருஷ்ண விக்கிரகம் எழுந்து வந்ததுபோல் இருந்தான். ஆனால், அவன் என்னைப் பார்க்கவில்லை. எதிரே துளசி மாலையோடு இருந்த சுவாமி படத்தையும் பார்க்கவில்லை. அவனது பார்வை முழுவதும் கையில் இருந்த செல்போனில்!

''மாமா, இவன் இன்னும் பேச ஆரம்பிக்கலை. 'அம்மா'ன்னுகூடக் கூப்பிடலை. திருச்செந்தூருக்கு வேண்டிண்டா பேச்சு வரும்னு சொல்றாளே... நிஜமா?''

அவள் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் இருந்த மாமியார் முந்திக்கொண்டார். ''வேண்டுதல் எதுக்கு? அந்தப் போனைப் பிடுங்கிப் போட்டா தானா பேசறான். எத்தனை சொன்னாலும் இவ கேக்கறதில்லே!''

அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. கண்கள் மட்டும் நிறைந்துவிட்டன. ''அது இல்லேன்னா ஒரு வாய் சாதம் இறங்க மாட்டேங்கறதே மாமா... நான் என்ன பண்ணுவேன்?'' என்றாள்.

இந்த ஒரு வீட்டோடு முடிகிற கதையா இது? உபன்யாசத்துக்குப் போகிற ஊரில் எல்லாம் இதே கேள்வியைத்தான் இப்போது கேட்கிறார்கள். அன்று அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே சொல்கிறேன்.

அன்றைய கதையில் இருந்தே ஆரம்பிக்கலாமே!

கோகுலத்தில் ஒரு காலை. வேலைக்காரிகள் எல்லோரும் வேறு வேறு வேலையில் இருக்க, யசோதை தானே தயிர் கடைய உட்கார்ந்தாள். கண்ணனின் விளையாட்டுகளைப் பாட்டாகப் பாடியபடியே கடைகிறாள். பசியோடு வந்தான் குழந்தை. மத்தைப் பிடித்து நிறுத்தினான். மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தையே பார்த்தபடி பால் கொடுத்தாள் தாய். அந்த நேரத்தில்தானா அடுப்பில் இருந்த பால் பொங்க வேண்டும்! குழந்தைக்கு வயிறு நிறையவில்லை. சட்டென்று அவனைக் கீழே இறக்கிவிட்டு உள்ளே ஓடினாள்.

இந்த இடத்தைச் சொல்லும்போது, 'பகவானையே இறக்கிவிட்டுப் பாலைப் பார்க்கப் போனாளே!' என்று சிலர் யசோதையைக் குறை சொல்வதுண்டு. பெரியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பாலும் யாருக்காக? கண்ணனுக்காகத்தானே! ஆகவே, வீட்டு வேலைக்காகக் குழந்தையைக் கொஞ்ச நேரம் இறக்கிவிடுகிற தாயைப் பாகவதம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதே இல்லை. மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, இறக்கிவிடப்பட்ட பிள்ளை என்ன செய்தான்? கோபத்தில் உதட்டைக் கடித்தான். பொய்க் கண்ணீர் விட்டான். கல்லை எடுத்துத் தயிர்ப் பானையை உடைத்தான். உள்ளே போய், உரல் மேல் ஏறி, வெண்ணெயை எடுத்துக் குரங்குக்கு ஊட்டினான். யசோதை கோலை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அவன் ஓட, இவள் ஓட... கூந்தலில் இருந்த பூக்கள் உதிர்ந்தன. பிடித்தாள். கட்டப் பார்த்தாள். கயிறு இரண்டு விரற்கடை குறைந்தது! இன்னொரு கயிற்றைச் சேர்த்தாள். அதுவும் இரண்டு விரற்கடை குறைந்தது. வீட்டில் இருந்த கயிறெல்லாம் தீர்ந்தது. வேர்த்து விறுவிறுத்து நின்ற தாயின் களைப்பைப் பார்த்து இரக்கப்பட்ட பகவான், தானே கட்டுப்பட்டான். அந்த இரண்டு விரற்கடையில் ஒன்று நம் முயற்சி, மற்றொன்று அவன் கருணை என்று பெரியோர்கள் விளக்கம் சொல்வார்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். பால் பொங்கிய அந்த நிமிஷத்தில், யசோதையின் கையில் ஒரு செல்போன் இருந்திருந்தால்?

'இந்தாடா கண்ணா, பொம்மைப் பாட்டு பாரு' என்று கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். பாலும் பொங்கி வழிந்திருக்காது, பானையும் உடைந்திருக்காது. வீடு நிசப்தமாக இருந்திருக்கும். ஆனால், அவன் உரலை இழுத்துக்கொண்டு தவழ்ந்திருக்க மாட்டான். நாரதர் சாபத்தால் மருத மரங்களாக நின்ற குபேரனின் பிள்ளைகள், நளகூபரனும் மணிக்ரீவனும் இன்றைக்கும் மரமாகவே நின்றிருப்பார்கள். 'தாமோதரன்' என்ற திருநாமமே நமக்குக் கிடைத்திருக்காது!

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்று கேட்டால், தலையைக் குனியத்தான் வேண்டும். இதே தாமோதர லீலைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், லீவுக்கு வந்திருந்த என் இரண்டரை வயதுப் பேரன், 'தாத்தா வா... தாத்தா வா' என்று வேஷ்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். எழுத்து ஓடவில்லை. போனைக் கையில் கொடுத்தேன். கப்சிப்! அரை மணி நேரம் சுகமாக எழுதினேன். சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்த என் மனைவி சொன்னாள்: ''யசோதை உரல்ல கட்டினா. நீங்க போன்ல கட்டிட்டேள். அவளுக்குக் கயிறு எட்டலை... உங்களுக்கு ஒரே சுத்துல எட்டிடுத்து!'' பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

குழந்தை அழுகிறதே, படுத்துகிறதே என்றுதான் நாம் அதைக் கொடுக்கிறோம். ஆனால், அழுகைதான் குழந்தைக்குத் தெரிந்த முதல் பாஷை. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயது ஞானசம்பந்தர் நின்றார். தந்தையார் சிவபாத இருதயர் நீருக்குள் மூழ்கி ஜபத்தில் இருந்தார். அப்பாவைக் காணாத பிள்ளை, 'அம்மே! அப்பா!' என்று கோபுரத்தைப் பார்த்து அழுதது. அம்பிகையே பொற்கிண்ணத்தில் பாலோடு வந்தாள். அழுகை என்பது கூப்பிடுவது. கூப்பிட்டதும் ஓர் ஆள் வர வேண்டும், ஒரு முகம் தெரிய வேண்டும். அழுதவுடன் படம் வந்தால், அடுத்த முறை குழந்தை கூப்பிடுவது அம்மாவையா, படத்தையா?

நம் முன்னோர்கள் பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்த வகையைச் செய்து வைத்திருக்கிறார்கள். தெய்வத்தைக் குழந்தையாக்கி, பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது. அதில் காப்புக்கு அடுத்து வருகிற பருவங்களைப் பாருங்கள். கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிற செங்கீரை, நாவசைத்துத் தாலாட்டும் தால், கை கொட்டும் சப்பாணி, பிறகு முத்தம், 'வா வா' என்று அழைக்கும் வாரானை, நிலாவைக் கூப்பிடும் அம்புலி. ஒவ்வொன்றிலும் குழந்தைக்கு எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்! அவள் கை கொட்டினால்தான் அது கொட்டும். அவள் 'வா' என்றால்தான் தளர்நடை போட்டு வரும். குழந்தை தனியாக வளர்கிற பருவம் என்று ஒன்றைக்கூட நம் புலவர்கள் பாடவில்லை.

இந்தப் பிள்ளைத்தமிழில் புகழ்பெற்ற 'மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்' பாடியவர் யார் தெரியுமா? குமரகுருபர சுவாமிகள். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயது வரை பேச்சே இல்லை! பெற்றோர் மனம் கலங்கி, திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்று முருகன் சந்நிதியே கதியென்று கிடந்தார்கள். செந்திலாண்டவன் அருளால் வாய் திறந்த பிள்ளை, 'கந்தர் கலிவெண்பா' பாடிற்று என்பது வரலாறு. பின்னாளில் அவர் மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது, வருகைப் பருவத்தில் மீனாட்சியே சிறு பெண்ணாக வந்து, மன்னர் மடியில் உட்கார்ந்து கேட்டு, முத்துமாலையை எடுத்துக் கவிஞர் கழுத்தில் போட்டுவிட்டு மறைந்தாளாம். பேசாமல் இருந்த பிள்ளை, தெய்வத்தையே 'வா' என்று கூப்பிட்டு வரவழைத்த கதை இது.

ஆகவே, அந்தப் பெண்ணிடம், ''திருச்செந்தூருக்குத் தாராளமாக வேண்டிக்கொள் அம்மா'' என்றேன். ''ஆனால், அதற்கு முன்னால் குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதனை செய்துவிடு. பிறகு, குழந்தை வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டு'' என்றும் சொன்னேன். வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பேச்சு தாமதமாவதற்குப் பல காரணங்கள் உண்டு. காது கேளாமல் இருக்கலாம். ஆட்டிசம் போன்று பிறவியிலேயே அமைந்த வளர்ச்சி வேறுபாடாக இருக்கலாம். அது செல்போனால் வந்ததும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை. 'போனை நிறுத்து, சரியாகிவிடும்' என்று சொல்லிக்கொண்டே ஒரு வருஷத்தை வீணாக்கிவிடக் கூடாது. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால், மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு மாமி எல்லோரையும் கேட்டு முடிப்பதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

அதே சமயம், திரைக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிஷியா கூல் என்ற அம்மையாரும் அவரது குழுவினரும் ஒரு சோதனை செய்து, 2003-ல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள். வீட்டில் கேட்பதெல்லாம் ஆங்கிலம் மட்டும்தான். அவர்களில் ஒரு பிரிவினருக்குச் சீன மொழி பேசுகிற ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் காட்டி, கண்ணோடு கண் பார்த்துப் பேசினார். மொத்தம் 12 முறை. அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்துணரக் கற்றுக்கொண்டுவிட்டன! இன்னொரு பிரிவினருக்கு அதே ஆள், அதே பேச்சு, அதே பொம்மை... ஆனால், டி.வி. திரையில்! அவர்கள் கற்றது? எதுவுமே இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வேதத்தை ஏட்டில் எழுதிப் படிக்காமல், குரு எதிரே அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக் கற்க வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? வாயைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, தப்பினால் ஒரு பார்வையிலேயே திருத்தப்பட்டு வருவதுதான் ஒலி. குழந்தைக்கு முதல் குரு தாய்.

''நாங்க கண்ட கண்ட படமெல்லாம் காட்டறதில்லை. கிருஷ்ணர் கார்ட்டூனும் கந்த சஷ்டி கவசமும்தான்'' என்று சொல்லும் சகோதரிகள் நிறைய. வீட்டில் நாள் முழுக்கப் பக்திச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால், டி.வி. யாரும் பார்க்காமல் சும்மா ஓடினாலே, பெரியவர்கள் குழந்தையோடு பேசுவது குறைந்துவிடுகிறது. 2009-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், சிறு குழந்தைகளின் சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக் கணக்கெடுத்தார்கள். டி.வி. சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் பேச்சு சுமார் 770 சொற்கள் குறைந்ததாம். கருவில் இருந்த பிரகலாதனுக்கு நாரதர் வாய்மொழியாக உபதேசித்தார். அந்த நாரதரே நம் வீட்டுத் திரையில் வந்து பேசினாலும், பத்து மாதக் குழந்தைக்கு அது வெறும் வெளிச்சமும் சத்தமும்தான். மூன்று, நான்கு வயதான பிறகு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, 'பாரு, கண்ணன் ஏன் ஒளிஞ்சுக்கறான்?' என்று கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தால், அது வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு வயதில் இருந்து நான்கு வயது வரை, நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை நல மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறையும் ஏறக்குறைய இதேதான். இரண்டு வயது வரை திரை கூடாது, ஆனால் உறவினர்களோடு வீடியோ கால் பேசலாம் என்கிறது. அமெரிக்காவில் பேரன் இருக்கிற பாட்டிகள் நிம்மதி அடையலாம்! எதிரே இருப்பவர் பதிலுக்குச் சிரிக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதால் அதற்கு விலக்கு.

இனி, அந்தத் தாயின் முக்கியமான கவலைக்கு வருவோம். சாதம்!

ஆறாம் மாதத்தில் அன்னப்ராசனம் செய்கிறோம். சிலர் குருவாயூர் போகிறோம். மடியில் உட்கார வைத்து, மந்திரம் சொல்லி, முதல் அன்னத்தை ஊட்டுகிறோம். அன்னம் பிரம்மம் என்கிறது உபநிஷதம். அப்படித் தொடங்கிய சாப்பாடு, அடுத்த ஆறே மாதத்தில் எங்கே வந்து நிற்கிறது? கண் திரையில், வாய் எங்கேயோ. உள்ளே போவது பருப்புச் சாதமா, தயிர் சாதமா என்று குழந்தைக்குத் தெரியாது. பசித்ததா என்று தெரியாது, போதும் என்றும் தெரியாது. வயிறு 'போதும்' என்று சொல்வதைக் கேட்கிற பழக்கமே வராமல் போகிறது.

சுவாமிக்கு நைவேத்தியம் செய்யும்போது எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள்! மணி அடித்து, தீர்த்தம் சுற்றி, மற்ற சத்தமெல்லாம் அடங்க, மனசை அங்கேயே வைத்து... குழந்தைக்கு ஊட்டுவதும் அப்படி ஒரு நைவேத்தியம்தானே? நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதைத் துப்பினால் விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தானே வந்து கேட்கும். கிண்ணம் காலியாக வேண்டும் என்பது நம் கவலை, குழந்தையின் பசி அல்ல. (எடை ஏறவே இல்லை, சோர்ந்து கிடக்கிறது என்றால், அது டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம்.)

அன்னப்ராசனத்துக்கு முன்னால் இன்னொரு சம்ஸ்காரம் உண்டு. இப்போது பலர் மறந்தே போனோம். நிஷ்க்ரமணம்! நான்காம் மாதத்தில் குழந்தையை முதன்முதலாக வீட்டுக்கு வெளியே எடுத்து வந்து, சூரியனைக் காண்பிப்பது. பிறகு சந்திர தரிசனம். குழந்தையின் கண்ணுக்கு முதலில் காட்ட வேண்டிய வெளிச்சம் எது என்று சாஸ்திரம் எவ்வளவு அழகாகத் தீர்மானித்திருக்கிறது! பெரியாழ்வார் யசோதையாகவே மாறி, கண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் பிள்ளையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுகிறார். கண்ணன் பார்த்தது எட்டாத தூரத்து வெளிச்சம். நம் குழந்தைகள் பார்ப்பது, முழங்கை தூரம்கூட இல்லாத வெளிச்சம்.

சீனாவில் குவாங்சோ நகரத்தில், முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளியில் விளையாட ஏற்பாடு செய்தார்கள். மூன்று வருஷம் கவனித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் நடந்த பள்ளிகளில், 100-க்குச் சுமார் 40 குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விளையாடிய பள்ளிகளில் சுமார் 30. நாற்பது நிமிட வெயிலுக்கு இத்தனை பலன்! பிரதோஷத்துக்கு வயதான மாமியாரைச் சிவன் கோயிலுக்கு அனுப்பும்போது குழந்தையையும் அனுப்பிப் பாருங்கள். பிராகாரத்தில் ஓடட்டும். நந்தி காதில் ஏதாவது சொல்லட்டும்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் கண்ணில் விழுகிற பளீர் வெளிச்சம், தூக்கத்தை அழைத்து வருகிற மெலடோனின் சுரப்பைத் தடுக்கிறது. சிறு குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு பெரியவர்களைவிட அதிகம். 'போன் பார்த்தாத்தான் தூங்கறான்' என்பது உண்மையில் களைத்து விழுவது. தாலாட்டு பாடக் குரல் வளம் வேண்டும் என்று யார் சொன்னது? என் அம்மாவுக்கு ஸ்ருதியே சேராது. அதைக் கேட்டுத்தான் ஐந்து பேர் தூங்கினோம்!

''எல்லாம் சரி மாமா, பால் பொங்கும்போது என்ன பண்றது?'' என்று கேட்டாள் அந்தப் பெண். நியாயமான கேள்வி. கூட்டுக் குடும்பம் இல்லை. கணவர் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறார். குக்கர் கத்துகிறது. வீட்டில் இருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணன் என்ன செய்தானோ, அதைச் செய்ய விடுங்கள் என்றேன். சமையலறை வாசலில் இரண்டு கிண்ணம், ஒரு ஆழாக்கு, ஒரு மரக்கரண்டி. தட்டட்டும், கவிழ்க்கட்டும். கொஞ்சம் கோதுமை மாவைப் பிசைந்து கொடுத்தால், அதில் பிள்ளையார் பிடிப்பான். பெரும்பாலும் குரங்காகத்தான் முடியும், போகட்டும்! வீடு அலங்கோலமாகும், சத்தம் இருக்கும். முதல் சில நாள் போனைக் கேட்டு அழுது தீர்ப்பான். இரண்டு விரற்கடை குறைந்துகொண்டேதான் இருக்கும். யசோதை முதல் கயிற்றோடு விட்டுவிடவில்லையே.

மாமியாரிடமும் தனியாக ஒன்று சொன்னேன். ''மருமகள் போனைப் பிடுங்குகிற நேரத்தில், குழந்தை கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அது நீங்கள்தான்.'' அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஏழு மணி முதல் ஒன்பதரை வரை அவருக்கும் வரிசையாக சீரியல்கள் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து, போன வாரம் அந்தப் பெண் பேசினாள். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதாம். டாக்டர் சொன்னபடி வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். ''போனை முழுசா நிறுத்த முடியலை மாமா. எனக்கு ஜுரம் வந்த அன்னிக்கு ரெண்டு தடவை குடுத்துட்டேன்'' என்று ஒப்புக்கொண்டாள். பாட்டி இப்போது சீரியல் நேரத்தில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்து, பேரனோடு மொட்டை மாடியில் இருக்கிறாராம். காக்காயைப் பார்த்தால் 'கா' என்கிறான். மணிச் சத்தம் கேட்டால் கை கூப்புகிறான். 'அம்மா' இன்னும் வரவில்லை.

அடுத்த மாதம் சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகிறார்கள். ''சந்நிதியில கூட்டத்தைக்கூட சமாளிச்சுடுவேன். ராத்திரி முழுக்க ரயில்ல இவனை எப்படி வெச்சுக்கறதுன்னுதான் பயமா இருக்கு'' என்றாள். ஜன்னலோர இடம் கிடைத்திருக்கிறதா என்று கேட்டேன்.

கிடைத்திருக்கிறதாம்.